மேசைமேல்: எதிரே ஒரு நாற்காலி

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே ஒரே பாட்டுதான். மேசை நிரம்பி வழிகிறது, ஆசையாக வாங்கிய மேசை ஆட்டங்கள் (போர்டு கேம்) பிரிக்காமலே கிடக்கின்றன, கோடை விடுமுறைக்குள் ஏதாவது செய்ய வேண்டும். எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்தவள் நான். தினமும் சாயங்காலம் பன்னிரண்டு மேசைகளைக் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இப்போது வேலூர் வேலப்பாடியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் மேசை ஆட்டம் நடக்கிறது. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். நாலடிக்கு ரெண்டடி மேசை. அதன்மேல் அறுபது பெயிண்ட் பாட்டில், பாதி வண்ணம் அடித்த நாற்பது சிப்பாய் பொம்மைகள், பொம்மைகளை வெட்டியெடுத்தபின் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டங்கள், பிரிக்காத மூன்று போர்டு கேம், மகளின் ஹோம்வொர்க் நோட்டு. லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
(ஒரு வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: தம்பி, முதலில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் போடுங்கள். இடம் இல்லையென்றால் மேசையைச் சுவரிலிருந்து இழுங்கள். அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால் அவர் முன்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. "எல்லாம் சுத்தமாக இருக்கணும்" என்று ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு அலுத்துப்போய் மிச்சத்தை ஒரு பையில் அள்ளிப்போட்டுக் கட்டிலடியில் தள்ளிவிடுவோம். நான் ஒருமுறை அப்படித் தள்ளிய பையைப் பிரிக்க எட்டு மாதம் ஆனது. அடியில் கிடந்த குதிரை வீரர்களில் ஏழு குதிரைக்குக் கால் ஒடிந்திருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, பழைய போர்வை ஒன்றைத் தரையில் விரித்து, மேசையில் இருப்பதை எல்லாம் அதில் இறக்குங்கள். அடுத்து எல்லோரும் செய்வது, பாட்டில் எல்லாம் ஒரு பக்கம், பிரஷ் எல்லாம் ஒரு பக்கம், பொம்மை எல்லாம் ஒரு பக்கம் என்று இனம் பிரிப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வேலை நடக்காது. ஆய்வகத்தில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்மீட்டர் ஒரு பீரோவில், ரியோஸ்டாட் இன்னொன்றில், வயர் மூன்றாவதில் இருந்தால் ஓம் விதி செய்ய வந்த பையன் பீரோ பீரோவாக நடந்தே கால் மணி நேரத்தைத் தொலைப்பான். அதனால் சோதனைக்கு ஒரு டிரே என்று வைத்தோம். ஓம் விதி டிரேயை இழுத்தால் அதற்கு வேண்டிய அத்தனையும் அதிலேயே இருக்கும்.

உங்கள் மேசைக்கும் அதுவே. நாற்பது பேரில் ஐந்து பேரை மட்டும் எடுங்கள். அவர்களுக்கு இப்போது வேண்டிய நாலு வண்ணம், இரண்டு பிரஷ். எல்லாவற்றையும் ஒரு ஷூ டப்பாவின் மூடியில் வையுங்கள். மேசையில் இருக்க உரிமை உள்ளது அந்த மூடி ஒன்றுக்குத்தான். மீதி 35 பேர் டப்பாவுக்குள் போகட்டும். டப்பாவின்மேல் "சிப்பாய்கள்" என்று எழுதாதீர்கள், அது திறந்தாலே தெரியும். அடுத்து செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள்: "சிவப்புச் சட்டை முடிந்தது, அடுத்தது தோல் வார், அதற்குப் பழுப்பு." மூன்று மாதம் கழித்து எடுத்தாலும் கை உடனே வேலையைப் பிடித்துக்கொள்ளும். பாதியில் நின்ற வேலையை நாம் தள்ளிப்போடுவதற்குப் பெரும்பாலும் காரணம், எங்கே விட்டோம் என்று தெரியாததுதான்.

ஷூ டப்பாவுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர் யாராவது உங்கள் தெருவிலும் இருப்பார். கேட்டு வாங்குங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் எறிய வேண்டாம், அடுத்த பதிலில் அதற்கு வேலை இருக்கிறது.

பாட்டில்களை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். தண்ணீர்போல் சத்தம் வந்தால் நல்லது. சத்தமே இல்லையென்றால் திறந்து பல்குச்சியால் குத்திப் பாருங்கள். குழம்புபோல் கெட்டியாக இருந்தால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பிழைத்துக்கொள்ளும். ரப்பர்போல் தோல் பிடித்து உருண்டையாகிவிட்டால் விட்டுவிடுங்கள். இந்த அக்ரிலிக் பெயிண்ட் ஒருமுறை காய்ந்து இறுகினால் தண்ணீரில் மறுபடி கரையாது. பிழைத்த பாட்டில் மூடிகளில் அதே வண்ணத்தில் ஒரு பொட்டு வைத்தால் மேலிருந்து பார்த்தே எடுக்கலாம்.

பிளாஸ்டிக் சட்டங்களில் ஒரு கைப்பிடி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துண்டுகளைப் பிளாஸ்டிக் ஒட்டும் திரவத்தில் ஊறவைத்தால் கூழாகிவிடும், பொம்மையில் இடைவெளி அடைக்க அதுவே நல்ல பூச்சு. மற்றது குப்பைக்கு. பிரிக்காத மூன்று ஆட்டமும் மேசைக்குத் திரும்பி வரக்கூடாது, டி.வி. பக்கத்தில் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். மகளின் நோட்டை எதிர் நாற்காலிப் பக்கம் வையுங்கள். அவள் அங்கே எழுதட்டும், நீங்கள் இங்கே வண்ணம் அடியுங்கள்.

கேள்வி: அம்மா, என் வீட்டுக்காரர் வாங்கிய ஆட்டங்களை ஆறு மாதம் பெட்டியோடு லாஃப்டில் வைத்திருந்தோம். இறக்கிப் பார்த்தால் சீட்டுகளின் ஓரம் அரித்திருக்கிறது, போர்டு வளைந்திருக்கிறது. வெள்ளியாக மினுக்கும் பூச்சி ஓடுகிறது. வெயிலில் காயவைத்து அந்துருண்டை போடலாமா?
(ஒரு வாசகி, ஆரணி)

பதில்: இரண்டும் வேண்டாம்மா, கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பூச்சி இராமபாணம். காகிதம், பசை, மாவுப்பொருள்தான் அதற்குச் சாப்பாடு. இருட்டும் ஈரப்பசையும் இருந்தால் குடியேறிவிடும். அந்துருண்டை பூச்சிக்கு ஆகாது, ஆனால் பல பிளாஸ்டிக் பொம்மைகள் செய்யப்படும் பாலிஸ்டைரீனுக்கும் அது ஆகாது. மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி பட்டுப் பிளாஸ்டிக் இளகிப் பிசுபிசுத்துப்போகும். காசு கொடுத்து வாங்கியதை நாமே கெடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு வெள்ளைத் துணிமேல் சீட்டுகளைப் பரப்பி, மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். பெட்டியின் மூலை மடிப்புகளையும் விடாதீர்கள், முட்டை அங்கேதான் இருக்கும். பிறகு சீட்டுகளை ஜிப் கவரில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைப்பது எங்கள் அம்மா வழக்கம், நானும் அதை விடவில்லை.

வளைந்த போர்டை வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி இன்னும் வளையும். குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி சமமான தரையில் கவிழ்த்து, மேலே ஒரு பிளைவுட் பலகை, அதன்மேல் கனமான புத்தகங்கள். ஒரு வாரம் தொடாதீர்கள். அப்புறம் லாஃப்டுக்குத் திரும்ப ஏற்றாமல் இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். கண்ணுக்கு நேரே இருந்தால்தான் எடுத்து ஆடத் தோன்றும்.

கேள்வி: ஆன்ட்டி, ஹாஸ்டல் ரூமில் மினியேச்சருக்கு வண்ணம் அடிக்கிறேன். மே மாதம் பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடுகிறது. ஸ்ப்ரே அடித்தால் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிறது.
(ஒரு மாணவர், காட்பாடி)

பதில்: அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் 40 டிகிரியைத் தாண்டும்போது வேறு எப்படி இருக்கும்! முதலில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காராதே, பெயிண்ட்டைக் காயவைப்பதில் பாதி அதன் வேலை. மூடி உள்ள தட்டையான டிபன் பாக்ஸ் ஒன்று எடு. அடியில் டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து நன்றாக நனை. மேலே கேக் சுடப் பயன்படுத்தும் பேக்கிங் பேப்பரை விரித்து அதில் பெயிண்ட் விடு. ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில் காயாது. மூடி வைத்தால் மறுநாளும் அதே கலவை கிடைக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை டிஷ்யூவை மாற்று, இல்லையென்றால் பூஞ்சை வாடை வரும்.

ஸ்ப்ரே விஷயத்தில் தவறு உன்மேல் இல்லை, நேரத்தின்மேல். அனல் காற்றில் துளிகள் பொம்மையைத் தொடும் முன்பே காய்ந்து தூளாகிவிடுகின்றன. காலை ஆறு, ஆறரைக்கு மொட்டை மாடியில் அடி. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வார்னிஷ் ஸ்ப்ரேயைத் தொடவே தொடாதே, ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

கேள்வி: அக்கா, ஒன்பது போர்டு கேம் சேர்ந்துவிட்டது, ஒன்றும் ஆடவில்லை. வேலை முடிந்து வந்தால் விதிப் புத்தகத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. வீட்டில் அப்பா, அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, தாயம் நன்றாக ஆடுவார்கள். கட்டான், கார்கசோன், டிக்கெட் டு ரைடு, பாண்டெமிக் நாலும் அந்த ஒன்பதில் இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது?
(ஒரு வாசகி, திருப்பத்தூர்)

பதில்: தாயம் ஆடுகிற இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா தங்கச்சி! என் மாமியார் வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கப் பரமபதம் ஆடியே விடியவைத்தவர். அவரை வைத்துத்தான் நான் எல்லா ஆட்டத்தையும் சோதித்துப் பார்ப்பேன்.

கார்கசோனை முதலில் எடுங்கள். 2000-இல் வந்தது, பிரான்சில் உள்ள ஒரு கோட்டை ஊரின் பெயர். 72 சதுர அட்டைகள். ஒன்றை எடுத்து, ஏற்கனவே இருப்பதோடு சாலைக்குச் சாலை, கோட்டைக்குக் கோட்டை பொருந்தும்படி வைக்க வேண்டும். அட்டையில் படிக்க எழுத்து இல்லை. என் மாமியாருக்கு "கோலத்தில் ஒரு புள்ளியும் விட்டுப்போகாமல் கோடு சேர்ப்பது மாதிரி" என்று ஒரே வரியில் சொன்னேன், மூன்றாவது அட்டையில் பிடித்துக்கொண்டார். கடைசியில் வரும் வயல் கணக்கை மட்டும் முதல் இரண்டு ஆட்டத்துக்கு விட்டுவிடுங்கள், அது குழப்பும்.

அடுத்து டிக்கெட் டு ரைடு. ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்து ஊருக்கு ஊர் ரயில் பாதை பிடிப்பது. என் கணவர் காட்பாடி ஜங்ஷனில் வேலை பார்த்தவர். சென்னை, பெங்களூரு, விழுப்புரம், திருப்பதி என்று நாலு திசைக்கும் வண்டி பிரிகிற இடத்தில் ஆயுசைக் கழித்தவருக்கு இந்த ஆட்டத்தை விளக்கவே தேவை இருக்கவில்லை. 2011-இல் இந்திய வரைபடமும் தனியாக வந்தது. முதலில் உங்களிடம் உள்ளதையே ஆடுங்கள். ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் தமிழில் எழுதி அப்பா பக்கத்தில் வைத்தால் போதும்.

கட்டானை மூன்றாவதாக. 1995-இல் வந்த இதை உருவாக்கிய கிளவுஸ் டாய்பர் பல் கட்டும் தொழில் செய்தவர், வேலை முடிந்து வந்து வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஆட்டம் உருவாக்கிக்கொண்டிருந்தவர். வேலை முடிந்து களைப்பாக வருகிற உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது என்று ஐந்து பொருளை ஒருவருக்கொருவர் பேரம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். தாயம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. பலகையில் வரும் எண்களில் 6, 8 இரண்டும் ஏன் சிவப்பில் அச்சடித்திருக்கிறது என்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். இரண்டு பகடையில் 36 விதமான விழுதலில் 6-க்கு ஐந்து, 8-க்கு ஐந்து, 12-க்கு ஒன்றே ஒன்று. "பன்னெண்டு எப்பவாவதுதானே விழும், நான் ஏன் அங்க வீடு கட்டணும்" என்று என் மாமியார் முதல் ஆட்டத்திலேயே கேட்டார்.

பாண்டெமிக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டாயம் ஆடுங்கள். 2008-இல் வந்தது. ஒருவரை ஒருவர் ஜெயிக்க வேண்டியதில்லை, எல்லோரும் ஒரே பக்கம், நோய்கள் எதிர்ப்பக்கம். 48 ஊர்களில் சென்னையும் ஒன்று. எங்கள் ஞாயிறு ஆட்டத்துக்கு வரும் நர்ஸ் ஒருவர் மருத்துவர் பாத்திரத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். சென்னையில் நோய்க்கட்டை மூன்று சேர்ந்துவிட்டால் அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், எழுந்து நின்றே ஆடுவார்.

விதிப் புத்தக மலைப்புக்கு ஒரு வழி. சனிக்கிழமை இரவு நீங்கள் மட்டும் பெட்டியைப் பிரித்து, இரண்டு ஆட்களாக மாறி மாறி உட்கார்ந்து, புத்தகம் கையில் வைத்துக்கொண்டு ஐந்து சுற்று ஆடுங்கள். முழுதாக ஆட வேண்டாம். கை ஒருமுறை செய்துவிட்டால் மறுநாள் வாய் தானாகச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தில் எல்லோர் சீட்டும் மேசைமேல் திறந்தே இருக்கட்டும். மூன்றை நன்றாக ஆடி முடிக்கும்வரை பத்தாவதை வாங்காதீர்கள், இதில் நான் கண்டிப்பானவள்.

கேள்வி: அம்மா, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆற்காடு முற்றுகையை மேசை ஆட்டமாகச் செய்துகாட்ட ஆசை. பொம்மை வாங்கப் பணம் இல்லை. ஒரு பக்கம் மிகச் சிலர், மறுபக்கம் ஏராளம் பேர். ஆட்டம் சமமாக வருமா?
(ஓர் ஆசிரியர், ஆற்காடு)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். பாலாற்றங்கரையில் பழைய கோட்டை வாசலான டெல்லி கேட் நின்றுகொண்டிருக்கும் ஊரில் பிள்ளைகள் இதை ஆடாமல் வேறு யார் ஆடுவது?

பொம்மைக்குப் பதில் புளியங்கொட்டை போதும். 1751-இல் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படைத்தலைவர் கிளைவின் பக்கம் கடைசியில் மிஞ்சியது 120 ஐரோப்பியர், 200 சிப்பாய்கள் என்றும், முற்றுகையிட்ட சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் கொண்டுவந்த படை பத்தாயிரம் என்றும் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதியிருக்கிறார். ஒரு கொட்டைக்கு 40 பேர் என்று வைத்தால் கோட்டைக்குள் எட்டே கொட்டை, மூன்று ஐரோப்பியர், ஐந்து சிப்பாய். வெளியே 250. பிள்ளைகள் எண்ணி வைக்கும்போதே வாய் பிளப்பார்கள், நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம்.

சமம் வராதே என்று கவலைப்படாதீர்கள். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. கணக்கில் சமம் இல்லை, ஆட்டத்தில் சமம். புலிக்கு வெட்டும் உரிமை, ஆட்டுக்கு அடைக்கும் உரிமை. அதேபோல் உள்ளே இருப்பவருக்குச் சுவர், வெளியே இருப்பவருக்கு எண்ணிக்கை. ஆனால் வெளியே இருப்பவருக்கு நாள் கணக்கு ஒன்று வையுங்கள். முற்றுகை ஏறக்குறைய 50 நாள் நடந்தது. ஐந்து நாளுக்கு ஒரு சுற்று என்றால் பத்துச் சுற்று. பத்தாவது சுற்று முடிந்தும் கோட்டை விழவில்லையென்றால் உள்ளே இருப்பவர் ஜெயித்தார்.

சாப்பாட்டுக்கும் ஒரு விதி வேண்டும். அரிசி தீர்ந்துவரும்போது சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தார்கள் என்றும் மெக்காலே சொல்கிறார். அந்தக் கதை அப்படியே நடந்ததா என்று பிள்ளைகள் விவாதிக்கட்டும். ஆட்டத்தில் சோற்றுக் கொட்டைகளை யாருக்குப் பிரிப்பது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டி வந்தால், அந்த ஐந்து சிப்பாய்க் கொட்டைகளின் பக்கம் நின்று பேச வகுப்பில் ஒரு பிள்ளையாவது எழுந்திருக்கும். கடைசித் தாக்குதலில் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகள் கதவை இடிக்க வந்து, துப்பாக்கிச் சூட்டில் மிரண்டு தங்கள் படைமேலேயே திரும்பின. யானைக்கு ஒரு பகடை வையுங்கள்: 1, 2, 3 விழுந்தால் திரும்பி ஓடும்.

கேள்வி: பகடை பீரோவுக்கு அடியில் உருண்டு போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு தொலைந்துவிட்டது. புது செட் வாங்கணுமா?
(ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: வேண்டாம். ஓரம் உயர்ந்த தட்டில் பழைய கைலித் துணியை ஒட்டி அதற்குள் போடுங்கள், சத்தமும் குறையும். தொலைந்த காய்களுக்குச் சட்டைப் பொத்தான், சோழி எதுவும் ஆகும். சின்னக் காய்களைப் பிரித்து வைக்கத் தீப்பெட்டியைவிட நல்ல டிராயர் உலகத்தில் இல்லை, தீப்பெட்டி செய்யும் உங்கள் ஊருக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அக்கா, பதினாலு வயது மகன் எந்நேரமும் அந்தப் பொம்மை மேசையிலேயே இருக்கிறான். எங்களோடு பேசுவதே குறைந்துவிட்டது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாமா என்று அவன் அப்பா கேட்கிறார்.
(ஒரு தாய், ராணிப்பேட்டை)

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள் அம்மா. ஒரு விரல் நீள பொம்மையின் கண்ணுக்குள் புள்ளி வைக்கிற பொறுமை உள்ள பிள்ளை அவன். அந்த மேசையில் அவனுக்கு மட்டும்தான் நாற்காலி இருக்கிறது, அவ்வளவுதான் குறை. இந்த ஞாயிறு மாலை நீங்களே ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்காருங்கள். "இதை எப்படிடா ஆடறது?" என்று கேளுங்கள். மேசையை அவனே ஒதுக்கிக் கொடுப்பான், நீங்கள் ஒரு பொருளையும் தொட வேண்டாம். விளக்கும்போது வேகமாகச் சொல்வான், நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். அப்பாவை இரண்டாவது வாரம் கூப்பிடலாம். முதல் ஆட்டம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அடுப்பில் எதையும் வைத்துவிட்டு உட்காராதீர்கள்.